வரையாடு: அந்தப் பெயரில் இருக்கும் 'வரை' எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் 'வரையாடு' என்று டக்கென்று பதில் வரும். 'அதென்ன வரை?' என்று அடுத்த கேள்வி போட்டால் பிள்ளையும் முழிக்கும், கேட்ட நாமும் சேர்ந்து முழிப்போம். இந்தப் பெயரைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். விலங்கைப் பற்றிய விவரம் பெயருக்குத் தேவையான அளவுக்கு மட்டும்தான் வரும்.

வரையாடு என்றால் என்ன பொருள்?

வரை + ஆடு. வரை என்றால் மலை, மலையின் பக்கச்சரிவு. ஆடு நமக்குத் தெரிந்த ஆடுதான். மலைச்சரிவில் வாழும் ஆடு, அவ்வளவுதான்.

விலங்கின் வாழ்க்கையைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. வரையாடு மேய்வது மலை உச்சிப் புல்வெளியில். ஆனால் சிறுத்தையோ செந்நாயோ வந்தால் அது காட்டுக்குள் ஓடாது. நேராகப் பாறைச் சரிவுக்குத்தான் ஓடும். படுப்பது அங்கே, குட்டி போடுவதும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான். புல் எவ்வளவு செழித்திருந்தாலும் பக்கத்தில் செங்குத்தான பாறை இல்லாத இடத்தில் அது தங்குவதில்லை. பெயர் வைத்தவர் அதன் நிறத்தையோ கொம்பையோ பார்க்காமல், அது எங்கே போய் ஒதுங்குகிறது என்பதைப் பார்த்திருக்கிறார்.

வரை என்றால் கோடு இல்லையா? முதுகில் இருக்கும் வெள்ளைத் திட்டால் வந்த பெயர் என்று கேள்விப்பட்டேனே?

நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். சரியில்லை என்பதுதான் என் கருத்து.

'வரை' என்பதற்குக் கோடு, எல்லை என்ற பொருள்கள் உண்டு. வரைபடம், வரைமுறை, அதுவரை என்பதெல்லாம் அந்தப் பக்கத்துச் சொற்கள். பழைய இலக்கியத்தில் மணம் செய்துகொள்வதையும் 'வரைதல்' என்றார்கள். ஆனால் மலை என்ற பொருளும் அதே அளவு பழமையானது. நெடுவரை, மால்வரை என்று சங்கப் பாட்டில் தடுக்கி விழுந்தால் வரைதான். மலையில் உறையும் தெய்வப் பெண்களுக்கு 'வரையரமகளிர்' என்று பெயர். அங்கே யாரும் 'கோட்டு மகளிர்' என்று பொருள் சொல்வதில்லை.

முதுகுத் திட்டு விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது கோடு அல்ல, குதிரைக்குச் சேணம் போட்டது போன்ற வெள்ளி நிறப் பட்டை. அதுவும் வயது முதிர்ந்த கிடாக்களுக்கு மட்டும்தான் வரும். பெட்டைக்கும் குட்டிக்கும் இளங்கிடாவுக்கும் கிடையாது. மந்தையில் இரண்டு மூன்றுக்கு இருக்கும் அடையாளத்தை வைத்து மொத்த இனத்துக்கும் பெயர் வைப்பார்களா? ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் அந்த முதிய கிடாக்களை மட்டும் தனியாக 'சாடில்பேக்', அதாவது சேணமுதுகன் என்றார்கள். அவர்களே மொத்த மந்தையையும் அப்படிச் சொல்லவில்லை.

சங்க இலக்கியத்தில் வரையாடு இருக்கிறதா?

விலங்கு இருக்கிறது. பெயர் விஷயம் கொஞ்சம் வழுக்கும், பாறைச் சரிவு மாதிரியே.

சங்கப் பாடல்களில் இந்த விலங்குக்குப் பெயர் 'வருடை'. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில், 287-ஆம் பாட்டு, 'நெடுவரை மிசையது குறுங்கால் வருடை, தினைபாய் கிள்ளை வெரூஉம் நாட' என்று தொடங்குகிறது. உயர்ந்த மலைமேல் குட்டைக் கால் வருடை நிற்கிறது, அதைப் பார்த்துத் தினையில் பாயவந்த கிளிகள் மிரளுகின்றன. நெடுவரையும் குறுங்காலும் ஒரே அடியில். வரையாட்டை நேரில் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். உடம்பு கட்டுமஸ்தாக இருக்கும், கால் அதற்கு ஏற்ற நீளம் இல்லாதது போலத் தோன்றும்.

இப்போது பட்டினப்பாலைக்கு வாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகம். சுங்கத்தில் புலி முத்திரை குத்திய மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அந்த மூட்டைக் குவியலின்மேல் நாயும் ஆட்டுக்கிடாவும் ஏறித் துள்ளுகின்றன. அந்தக் காட்சிக்குப் புலவர் உவமை சொல்கிறார்:

'மழையாடு சிமைய மால்வரைக் கவாஅன்
வரையாடு வருடைத் தோற்றம் போல'

'ஆஹா, வரையாடு வந்துவிட்டது!' என்று துள்ளத் தோன்றும். நானும் ஒருகாலத்தில் துள்ளியவன்தான். ஆனால் முந்தைய அடியைப் பாருங்கள். 'மழையாடு சிமையம்' என்றால் மேகம் விளையாடும் உச்சி. மழை ஒரு ஆடு இல்லை. அதே அமைப்பில்தான் 'வரையாடு வருடை' வருகிறது. வரையில் ஆடுகிற வருடை. இங்கே ஆடு என்பது வினை. இலக்கணத்தில் வினைத்தொகை என்பார்கள். ஆடிய, ஆடுகிற, ஆடும் என்ற மூன்று காலமும் அதில் மறைந்திருக்கும்.

குறுந்தொகை 26-இல் இன்னும் பெரிய பொறி வைத்திருக்கிறார்கள். 'வரையாடு வன்பறழ்த் தந்தைக் கடுவனும் அறியும்' என்று ஒரு வரி. அவசரமாகப் படித்தால் 'வரையாட்டின் வலிய குட்டி' என்று தோன்றும். கடுவன் என்றால் ஆண் குரங்கு. மலையில் விளையாடும் வலிய குட்டிக்குத் தகப்பனான கடுவன், தலைவன் வந்து போன கதையை அறியும் என்கிறாள் தோழி. அதில் ஆடே இல்லை, குரங்குக் குடும்பம்தான் இருக்கிறது.

அப்படியானால் வரையாடு என்ற பெயர் எப்போது பெயர்ச்சொல்லாக வருகிறது?

சிலப்பதிகாரத்தில் மலைவாழ் மக்கள் சேரன் செங்குட்டுவனுக்குக் கொண்டுவந்த காணிக்கைகளின் பட்டியல் ஒன்று வருகிறது. யானைக்கன்று, குரங்குக்குட்டி, கரடி என்று நீளும் அந்த வரிசையில் 'வரையாடு வருடையும் மடமான் மறியும்' இருக்கின்றன. இங்கேயும் வினைதான். பட்டினப்பாலையில் பார்த்த அதே தொடர், அச்சு அசலாக.

சீவக சிந்தாமணிக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. 'ஓங்கு மால்வரை வரையாடு உழக்கலின்' என்கிறார் திருத்தக்கதேவர். உயர்ந்த பெரிய மலையை வரையாடு மிதித்துக் கலக்கியதால் தேனடை உடைந்து தேன் ஒழுகும் காட்சி. இங்கே வருடை இல்லை. உழக்கும் வேலையைச் செய்வதே வரையாடுதான். முன்னால் 'மால்வரை' என்று மலையைத் தனியாகச் சொல்லிவிட்டு, அடுத்த சொல்லாக விலங்கின் பெயர் வருகிறது. ஐயமே இல்லாத பெயர்ச்சொல்.

'வரையாடு வருடை' என்று காலங்காலமாகச் சொல்லிச் சொல்லி, வருடை உதிர்ந்து, அடைமொழி மட்டும் பெயராக நின்றுவிட்டதா? இல்லை, மலைமக்கள் பேச்சில் 'வரை ஆடு' என்ற பெயர் முதலிலிருந்தே இருந்து, பின்னால் காப்பியத்துக்குள் வந்ததா? எனக்கு முதலாவது அழகாகத் தெரிகிறது, இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. இது என் ஊகம், அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரியில் 'வரையாடு' வந்தால் பெயரா வினையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த சொல்லைப் பாருங்கள். அடுத்து வேறொரு விலங்கோ பறவையோ மகளிரோ வந்தால் பெரும்பாலும் வினை. இன்றைய தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது, காரணம் வேற்றுமை உருபு. விலங்கான ஆடு உருபு ஏற்கும்போது டகரம் இரட்டிக்கும்: ஆட்டை, ஆட்டுக்கு, ஆட்டின். வரையாட்டுக் குட்டி, வரையாட்டு மந்தை. பொன்முடி மலைப் பக்கம் 'வரையாட்டுமொட்டை' என்று ஒரு மலைமுடி இருக்கிறது. மரமில்லாத மொட்டைத் தலை மலை, வரையாடு நடமாடிய மலை. அந்த 'ஆட்டு' ஒன்றே போதும், இலக்கணப் புத்தகம் தேவையில்லை.

வருடையும் வரையாடும் ஒரே விலங்குதானா?

ஆம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான். தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வாழும் காட்டு ஆட்டினம் இது ஒன்றே ஒன்று. இமயத்தில்தான் பல வகைகள் உண்டு. குறிஞ்சி நிலத்தில், உயர்ந்த பாறையில், துள்ளி ஏறும் குட்டைக்கால் விலங்கு என்றால் வேறு ஆளே இல்லை.

நிகண்டுகள் மட்டும் குழப்பும். அவற்றில் வருடைக்குச் சரபம் என்ற பொருளும் உண்டு. எட்டுக் கால் கொண்ட புராண விலங்கு அது. செங்குத்துப் பாறையில் நான்கு காலில் ஏறுகிறது என்று நம்ப முடியாமல் இன்னும் நான்கைச் சேர்த்துவிட்டார்களோ என்னவோ!

வருடை என்றால் மேஷ ராசி என்கிறார்களே?

அதுவும் உண்மை. பரிபாடல் 11-ஆம் பாட்டில் வையையில் வெள்ளம் வந்த காலத்தின் கோள்நிலை சொல்லப்படுகிறது. 'வருடையைப் படிமகன் வாய்ப்ப' என்று ஒரு தொடர். படிமகன் என்றால் நிலமகள் பிள்ளையான செவ்வாய். செவ்வாய் மேஷத்தில் இருந்தது என்று பொருள்.

மேஷம் என்றால் வடமொழியில் செம்மறிக்கடா. அந்த ராசிக்குத் தமிழில் பெயர் வேண்டியிருந்தபோது 'வருடை' என்ற சொல்லையும் எடுத்திருக்கிறார்கள். செம்மறி என்ற இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

வரையாடு வெள்ளாடா, செம்மறியாடா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பார்வைக்கு வெள்ளாடு போலத்தான் இருக்கும். ஆனால் வெள்ளாட்டுக் கிடாவுக்கு இருப்பது போல் தாடி கிடையாது. விலங்கியலில் நெடுங்காலம் இதை இமயமலையில் உள்ள 'தார்' என்ற காட்டு ஆட்டோடும் அரேபியாவின் ஓமான் பக்கத்தில் உள்ள தாரோடும் சேர்த்து ஒரே பேரினமாக வைத்திருந்தார்கள். மூன்றும் வெள்ளாட்டுக்குப் பக்கத்துச் சொந்தம் என்று நம்பினார்கள்.

2005-இல் ஆன் ரோப்பிக்கே, அலெக்சாந்தர் அசானேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது கதை கலைந்தது. மூன்று தார்களும் ஒரு தாய்ப் பிள்ளைகள் இல்லை. இமயத் தார் மட்டும்தான் வெள்ளாட்டுக்கு நெருக்கம். அரேபியத் தார், வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டுக்கு நெருக்கம். நம்முடைய வரையாடு செம்மறிக்கு நெருக்கம்! மூன்றும் மலையில் ஏறி வாழ்ந்து வாழ்ந்து ஒரே மாதிரி உருவம் பெற்றிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் வெள்ளாட்டுக்கு ஒரு சொல், செம்மறிக்கு வேறொரு சொல். இரண்டையும் சேர்த்துச் சொல்ல அன்றாடப் பேச்சில் சொல்லே இல்லை. அதனால் அங்கே பெயர் வைக்கும்போதே எந்தப் பக்கம் என்று முடிவு செய்தாக வேண்டும், முடிவு செய்தால் தப்பாகவும் வாய்ப்புண்டு. தமிழில் அப்படியில்லை. வெள்ளாடும் ஆடு, செம்மறியும் ஆடு. தொல்காப்பிய மரபியலே 'மோத்தையும் தகரும் உதளும் அப்பரும் யாத்த என்ப யாட்டின் கண்ணே' என்று ஆண் ஆட்டின் பெயர்களையெல்லாம் 'யாடு' என்ற ஒரே சொல்லின் கீழ் அடுக்குகிறது. ஆகவே 2005-இல் மரபணு ஆய்வு வந்து ஆங்கிலப் பெயர்களையும் இலத்தீன் பெயர்களையும் உலுக்கியபோது, 'வரையாடு' மட்டும் அசையாமல் நின்றது. வெள்ளாடு என்றும் சொல்லவில்லை, செம்மறி என்றும் சொல்லவில்லை. ஆடு என்றது, மலையில் இருக்கிறது என்றது. இரண்டும் சரி.

நம் முன்னோருக்கு மரபணு தெரியும் என்று இதை வைத்து யாராவது வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். மொழியில் இருந்த ஒரு பொதுச்சொல் தற்செயலாகக் காப்பாற்றியது, அதுதான் நடந்தது.

'நீலகிரி தார்' என்று செய்தித்தாளில் வருகிறதே, அந்தத் 'தார்' எந்த மொழி?

தமிழ் இல்லை. வாழைத்தாருக்கும் தார்ச்சாலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இமயமலைப் பகுதியில் கிடைத்த சொல். ஆங்கில அகராதிகள் நேபாளியைக் கைகாட்டுகின்றன.

வேடிக்கை என்னவென்றால் நேபாளியில் 'தார்' என்பது சீரோ என்ற வேறொரு மலைவிலங்கின் பெயர். ஆங்கிலத்தில் தார் என்று சொல்லும் விலங்கை நேபாளிகள் 'ஜாரல்' என்கிறார்கள். எங்கோ ஓரிடத்தில் பெயர் ஆள் மாறிப் போயிருக்கிறது. நேபாளத்தில் ஒரு விலங்கின் பெயர், இமயத்திலேயே இன்னொரு விலங்கின்மேல் ஏறி, அங்கிருந்து புறப்பட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வந்து, உறவே இல்லாத மூன்றாவது விலங்கின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தமிழ்ச் செய்தியிலும் 'நீலகிரி தார்' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கையில் வெண்ணெய் இருக்கும்போது நெய்க்கு ஏன் அலைய வேண்டும்?

பழைய ஆங்கிலக் குறிப்புகளில் 'ஐபெக்ஸ்' என்று இருக்கிறதே?

ஊட்டியிலும் மூணாறிலும் இருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர்களும் தோட்டக்காரர்களும் வைத்த பெயர். உண்மையான ஐபெக்ஸ் என்பது வளைந்து நீண்ட, முண்டு முண்டான கொம்பும் தாடியும் கொண்ட காட்டு வெள்ளாடு. இந்தியாவில் இமயத்தில் மட்டும்தான் உண்டு. வரையாட்டின் கொம்போ கட்டையானது, பின்னோக்கி வளைந்தது. கிடாவுக்கே 40 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஊர் நினைப்பில் வைத்த பெயர் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த மனிதர்கள் உள்ளூர்ப் பெயரையும் கேட்டு எழுதிவைத்தார்கள் என்பதை மறுக்கக்கூடாது. 19-ஆம் நூற்றாண்டுப் பாலூட்டி நூல்களில் 'வர்ரி ஆடு' என்ற ஒலிப்பில் தமிழ்ப் பெயர் பதிவாகியிருக்கிறது. ரகரம் கொஞ்சம் தடித்திருக்கிறது, பரவாயில்லை.

அறிவியல் பெயருக்கு என்ன பொருள்?

நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ். முதல் பாதி, நீலகிரியோடு கிரேக்கத்தில் வெள்ளாட்டுக்கிடாவைக் குறிக்கும் 'ட்ராகோஸ்' சேர்ந்தது. இரண்டாம் பாதியில் 'ஹைலே' என்றால் காடு, 'க்ரியோஸ்' என்றால் செம்மறிக்கடா.

1838-இல் வில்லியம் ஓகில்பி இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தபோது முன்பாதி 'கெமாஸ்' என்று இருந்தது. கிரேக்கத்தில் அது இளமான். பிறகு 'ஹெமிட்ராகஸ்' ஆனது, அதாவது அரைவெள்ளாடு. 2005-க்குப் பிறகு இப்போதைய பெயர். ஆக, இளமானாக இருந்து, அரைவெள்ளாடாகி, கடைசியில் நீலகிரி வெள்ளாடு. செம்மறிக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்த ஆய்வுதான் அதற்கு 'வெள்ளாடு' என்ற புதுப் பெயரையும் வைத்தது!

ஓகில்பி வைத்த பின்பாதி மட்டும் மாறவே இல்லை. காட்டுச் செம்மறிக்கடா. செம்மறி என்ற பாதி 167 ஆண்டு கழித்து நிரூபணமானது. காடு என்ற பாதிதான் தப்பு. வரையாடு சோலைக்காட்டுக்குள் வாழும் விலங்கு இல்லை.

'நீலகிரி' என்ற அடைமொழி எதற்கு? நீலகிரியில் மட்டும்தான் இருக்கிறதா?

இல்லை. நீலகிரியில் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் இருக்கிறது, சரி. ஆனால் ஆனைமலையின் புல்மலைப் பகுதி, பழனி மலை, மேகமலை, அகத்தியமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதி நெடுக அங்கங்கே இருக்கிறது. பெரிய மந்தைகள் இருப்பது கேரளத்தில் மூணாறுக்குப் பக்கத்து இரவிகுளத்தில். 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவான இடம்.

நீலகிரி என்ற ஒட்டு, ஆங்கிலேயர் முதலில் அதிகம் பார்த்த இடத்தால் வந்தது. தமிழில் 'வரையாடு' என்றாலே போதும். வேறு வரையாடு இருந்தால்தானே எந்த வரையாடு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்?

மலையாளத்திலும் இதே பெயர்தானா?

ஆமாம், 'வரயாடு'. தமிழில் ஐகாரத்தில் முடியும் சொற்கள் மலையாளத்தில் அகரத்தில் முடியும்: மலை, மல, தலை, தல. அப்படியே வரை, வர. இன்றைய மலையாளத்தில் 'வர' என்றால் சட்டென்று கோடுதான் நினைவுக்கு வரும். அதனால் முதுகுக் கோட்டுக் கதை அங்கே இன்னும் எளிதாக எடுபடும். பழைய ஆங்கிலப் பதிவுகளில் மலையாளப் பெயராக 'மலை ஆடு' என்ற பொருளிலும், கன்னடப் பெயராகக் 'காட்டு ஆடு' என்ற பொருளிலும் சொற்கள் காணப்படுகின்றன.

வரையாடா, வரை ஆடா, வறையாடா?

சேர்த்து, இடையின ரகரத்தில்: வரையாடு. ஐகாரத்துக்குப் பின் உயிர் வந்தால் நடுவில் யகரம் தோன்றும், அதுதான் இந்த 'யா'. ஆட்டுக்குப் பழைய வடிவமே 'யாடு' என்பதால், வரை + யாடு என்று பிரித்தாலும் விடை அதேதான். வறை என்று வல்லின றகரம் போட்டால் சமையல்கட்டுப் பக்கம் போய்விடும், பாவம்.

கேளையாடும் இதன் உறவா?

கிடையாது. கேளையாடு ஒரு மான். நாய் குரைப்பது போலக் கத்துமே, அந்தச் சிறிய மான். பெயரில் ஆடு இருக்கிறது, அவ்வளவே. பழைய தமிழில் எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. அரிமான் என்றால் சிங்கம், கலிமான் என்றால் குதிரை. மானுக்கும் ஆட்டுக்கும் நடுவில் வேலி போட நம் மொழி ரொம்ப அவசரப்படவில்லை.

குட்டியை மறி என்று சொல்லலாமா?

தொல்காப்பியப்படி ஆட்டின் இளமைப் பெயர் மறி, எனவே தாராளமாகச் சொல்லலாம். நடைமுறையில் குட்டிதான். ஆண் கிடா, பெண் பெட்டை. ஈற்றுக்கு ஒரு குட்டி. பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் போடும். அந்தச் சமயத்தில் இரவிகுளத்தில் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. பயணத் திட்டம் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 7 வரையாடு தினம் என்கிறார்களே, பெயரோடு தொடர்பு உண்டா?

பெயரோடு இல்லை, ஆளோடு உண்டு. 1975-இல் வரையாட்டைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்றைச் செய்த ஈ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அந்த நாளைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் தொடங்கிய வரையாடு பாதுகாப்புத் திட்டத்தின் ஒரு பகுதி அது. தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024-இல் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. அந்தத் திட்டத்தை அறிவிக்கும்போது சிலப்பதிகாரமும் சிந்தாமணியும் மேற்கோளாக வந்தன. இலக்கியம் படித்த யாரோ கோப்பில் கைவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சி.

வருடை என்ற பழைய பெயரையே மறுபடியும் கொண்டுவந்தால் என்ன?

பிள்ளைக்குப் பெயராக வைக்கலாம், பத்திரிகைக்கு வைக்கலாம், அழகான சொல். விலங்குக்கு வேண்டாம் என்பேன். வரையாடு என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டையூசி வளைவு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒன்பதாவது வளைவுப் பக்கம் கண்ணை மேலே வைத்திருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரத் தடுப்புச் சுவரிலேயே நிற்கும். 'அதோ வருடை' என்றால் பக்கத்து சீட்டுக்காரர் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார். 'வரையாடு' என்று சொல்லுங்கள், ஆட்டைப் பார்ப்பார்.